முதல் மூன்று மாதம் குழந்தை எந்த வீட்டில்?

கேள்வி: எனக்கு இப்போது எட்டாம் மாதம். கோவையில் மூன்றாவது மாடியில் வாடகை வீடு, லிஃப்ட் கிடையாது. என் கணவர் ஆன்லைனில் தேடித் தேடி ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். மரத்தொட்டில், ஸ்ட்ரோலர், வாக்கர், பாட்டில், ஸ்டெரிலைசர், பிரெஸ்ட் பம்ப், கார் சீட், கடுகுத் தலையணை என்று 27 பொருட்கள். மொத்தம் 48,000 ரூபாய் வருகிறது. மாமியாரோ, "பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு துணிகூட வாங்கக் கூடாது, ஆனா கடுகுத் தலையணை மட்டும் கட்டாயம் வேணும், நான் தச்சுத் தர்றேன்" என்கிறார். வளைகாப்பு முடிந்துவிட்டது. அடுத்த வாரம் உடுமலைப்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போகிறேன், பிரசவமும் அங்கேதான். நான் யார் பேச்சைக் கேட்பது?
— ஒரு வாசகி, கோவை

பதில்: பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, நீங்களே கடைசியில் எழுதியிருப்பதை இன்னொரு முறை படியுங்கள். அடுத்த வாரம் அம்மா வீடு. தலைப்பிரசவம் என்பதால் மூன்று மாதமாவது அங்கே இருப்பீர்கள். ஐந்தாம் மாதம்தான் அனுப்புவேன் என்று உங்கள் அம்மா பிடிவாதம் பிடித்தாலும் ஆச்சரியமில்லை. அதுவரை கோவை வீட்டு மரத்தொட்டிலில் யார் படுப்பார்கள்? உங்கள் கணவர் வேண்டுமானால் துவைத்த துணியை மடித்துப் போட்டு வைக்கலாம்.

எனவே இப்போது வாங்க வேண்டியது உடுமலைப்பேட்டை வீட்டுக்கு வேண்டியதை மட்டும்தான். அது ஒரு பைக்குள் அடங்கிவிடும். அரசு மருத்துவமனையில் பிரசவிக்கும் தாய்மாருக்கென்று 2015இல் தமிழக அரசு ஒரு பரிசுப் பெட்டகம் கொண்டுவந்தது. மொத்தம் 16 பொருட்கள்: துண்டு, சட்டை, சிறு படுக்கை, கொசுவலை, நாப்கின், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, தாய்க்கு சௌபாக்கிய சுண்டி லேகியம் என்று போகும். பால் பாட்டில், வாக்கர், தலையணை எதுவும் அதில் இல்லை. உங்கள் கணவரின் 27 பொருளை இந்த 16உடன் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலில் துணி. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை துணி மாற்ற வேண்டியிருக்கும். பழைய பருத்தி வேட்டிக்கு நிகராக நான் எதையும் சொல்ல மாட்டேன். அப்பாவிடம் நன்றாகத் துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டி நாலைந்து கேட்டு வாங்குங்கள். கரையைக் கிழித்து எடுத்துவிடுங்கள், அந்த விளிம்புதான் தொடையிடுக்கில் உரசிப் புண்ணாக்கும். மீதியைச் சதுரமாகக் கிழித்து, சோப்பு வாடை போக அலசி, வெயிலில் காயவைத்தால் கோமணத் துணி தயார். இரவுக்கும் வெளியே போகவும் பிறந்த குழந்தை அளவு டயப்பர் ஒரே ஒரு பாக்கெட் போதும், குழந்தை சீக்கிரம் அடுத்த அளவுக்குப் போய்விடும். முன்பக்கம் முடிச்சுப் போடும் பருத்திச் சட்டை ஆறு, துண்டு இரண்டு, ரப்பர் ஷீட் ஒன்று. கையுறை, காலுறை பரிசாக வந்து குவியும். போடுவதானால் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பிசிறு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் அது குழந்தையின் விரலைச் சுற்றி இறுக்கி ரத்த ஓட்டத்தையே தடுத்துவிடும். காரணமில்லாமல் குழந்தை வீறிட்டு அழுதால் மருத்துவர்கள் விரல்களையும் பார்ப்பது இதனால்தான்.

அடுத்தது தூக்கம். இங்கே மாமியார் கட்சியை விட்டு நான் விலகிக்கொள்கிறேன். கடுகுத் தலையணை வேண்டாம். எந்தத் தலையணையுமே முதல் வருடம் வேண்டாம். தலை உருண்டையாக வரும் என்பதற்காகத்தான் சொல்கிறார், அக்கறைதான். ஆனால் மல்லாக்கப் படுப்பதால் வரும் தட்டை, தலையை இரு பக்கமும் மாற்றி மாற்றித் திருப்பிவிட்டு, விழித்திருக்கும்போது கண்ணெதிரே சற்று நேரம் குப்புறப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். தலையணையும் மெத்துமெத்தென்ற மெத்தையும் மூச்சை அடைக்கக்கூடியவை. கெட்டியான, சமமான படுக்கை, மல்லாக்கப் படுக்கை, பக்கத்தில் பொம்மையோ தளர்வான போர்வையோ இல்லாமல். மேலே குடைக் கொசுவலை. டெங்கு ஊரில் இதற்குச் செலவழிக்கும் பணத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

தூளியா? சேலையில் தூளி கட்டாத அம்மா வீடு ஏது! பகலில், யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது, சிறிது நேரம் போடலாம். கொக்கி உறுதியாக இருக்கட்டும், தரையிலிருந்து அதிக உயரம் வேண்டாம், குறுக்கே தொட்டில் கம்பு வைத்துத் துணியை விரித்துவிடுங்கள். குழந்தையின் தாடை நெஞ்சில் மடங்கினால் மூச்சுக்குழல் நெருங்கிப்போகும், அதை மட்டும் அடிக்கடி எட்டிப் பாருங்கள். இரவு முழுக்கத் தூளியிலேயே விட்டுவிட்டு எல்லோரும் தூங்கப்போவது கூடாது.

பாட்டிலும் ஸ்டெரிலைசரும் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். பால் பாட்டிலை விளம்பரம் செய்வதையே 1992ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டில் தடை செய்திருக்கிறது. மருத்துவர் சொல்லி, பீய்ச்சிய பாலைப் புகட்ட வேண்டி வந்தால் பாலாடை போதும். கழுவிக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டால் சுத்தம். அழும் குழந்தையின் வாயில் சாய்த்து ஊற்றாமல், அது சப்பிக் குடிக்கும் வேகத்துக்குக் கொடுங்கள். பிரெஸ்ட் பம்ப் வேலைக்குத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டே.

வாக்கர் இப்போதும் வேண்டாம், எப்போதும் வேண்டாம். குழந்தைக்கு நடை சீக்கிரம் வர அது உதவாது. படிக்கட்டில் உருண்டு விழத்தான் உதவும். மூன்றாவது மாடிக்காரர் நீங்கள். கனடா 2004இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. ஸ்ட்ரோலரை மூன்று மாடி தூக்கி இறக்கப்போவது யார் என்று முடிவாகட்டும், பிறகு பேசலாம்.

உங்கள் கணவரின் பட்டியலில் நான் கைதட்டும் ஒன்று கார் சீட். வீட்டில் கார் இருந்தால் இதைப் பிரசவத்துக்கு முன்பே வாங்கச் சொல்லுங்கள். மருத்துவமனையிலிருந்து வரும் முதல் பயணத்துக்கே வேண்டும். காரின் பின்னிருக்கையில், குழந்தையின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்கும்படி பொருத்த வேண்டும். ஏர்பேக் உள்ள முன்னிருக்கையில் வைக்கவே கூடாது. மடியில் வைத்திருந்தால் பத்திரம் என்பது பிரேக் போடும்வரைதான். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு பெல்ட்டோ இந்த இருக்கையோ இல்லையென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019 சட்டத் திருத்தம் சொல்கிறது. வீடு வந்ததும் குழந்தையை அதிலேயே தூங்கவிடாமல் எடுத்துப் படுக்கையில் போட்டுவிடுங்கள்.

இன்னும் ஒன்று, விலை குறைந்தது: டிஜிட்டல் தெர்மாமீட்டர். மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் கைவைத்தியம் எதுவும் பார்க்காமல் நேராக மருத்துவமனை. பவுடரும் கண்மையும் வாங்க வேண்டாம். திருஷ்டிப் பொட்டு பாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுக்குள் மை மட்டும் வேண்டாம்.

பிறப்பதற்கு முன் வாங்கக் கூடாது என்ற மாமியாரின் பேச்சை மீறிவிட்டோமோ என்று தயங்காதீர்கள். வேட்டி பழையது, அதில் அவருக்கு ஆட்சேபம் இருக்காது. கார் சீட்டைக் கணவர் வாங்கிக் காரிலேயே மாட்டி வைக்கட்டும், வீட்டுக்குள் வரப்போவதில்லை. தலையணைக்குப் பதிலாக அவர் கையால் நாலு பருத்திச் சட்டை தைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். என்ன வாங்கி வரட்டும் என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் கூச்சப்படாமல், ஆறு மாத அளவுக்கு மேலான உடுப்பு என்று சொல்லுங்கள். பில்லையும் சேர்த்துக் கொடுத்தால் மாற்றிக்கொள்ள வசதி.