பழைய சொந்தப் பாட்டை மறுபடி எடுக்கிறவங்களுக்கு: கேள்வி பதில்

கேசட்டிலும் நோட்டிலும் கிடக்கிற சொந்தப் பாட்டுகளைத் திரும்பப் பாடிப் பதிவு செய்ய நினைக்கிறவங்க கேட்டவை. வந்த வரிசையிலேயே பதில்.

நோட்டுக்காரர்: அண்ணா, 20 வருஷத்துக்கு முன்னாடி எழுதின பாட்டு மேல திடீர்னு ஆசை வந்திருக்கு. ஆனா வரிகள் சிறுபிள்ளைத்தனமா தெரியுது. திருத்திட்டுப் பதிவு பண்ணவா?

பேனாவை மூடி வைங்க. வேற யாரோ எழுதின பாட்டைப் படிக்கிற மாதிரி அப்போ பதிஞ்ச டெமோவைக் கேட்டுப் பாடம் பண்ணுங்க. நோட்டைப் பார்க்க வேண்டாம். நோட்டில் இல்லாத ஒரு ‘அட’, ஒரு ‘டா’ பாடும்போது சேர்ந்திருக்கும். தாளம் அதுமேலதான் நிக்கும். கிட்டார் கார்டு, ஸ்ட்ரம்மிங், மூச்சு எடுக்கிற இடம் எல்லாத்தையும் குறிச்சுக்கோங்க, இப்போ தப்புன்னு தோணுற கார்டையும் சேர்த்து. மேஜர் கார்டு வரக்கூடாத இடத்தில் தெரியாம விழுந்த மேஜர்தான் பல பல்லவிகளைத் தூக்கி நிறுத்தும். திருத்தினா சப்புன்னு ஆயிடும்.

அடுத்தது வேகம். முதல் பல்லவியிலும் கடைசிச் சரணத்திலும் தட்டி அளந்து பாருங்க. நிமிஷத்துக்கு 104 தட்டில் ஆரம்பிச்சு 112-ல் முடியுதுன்னா, தாளம் தட்டுற மெட்ரோனோமை 108-ல் வைக்காதீங்க. முன்பாதி பரபரக்கும், பின்பாதி தூங்கும். பதிவு சாஃப்ட்வேரில் வேகத்தை மாத்துற டெம்போ டிராக் இருக்கு, பகுதிக்குப் பகுதி கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. இவ்வளவும் பண்ணி, பாட்டு வாயில் ஊறின பிறகும் உறுத்துற வரி இருந்தா அதை மட்டும் மாத்துங்க.

பழைய டெக்: சார், கேசட் போர்வைக்குள்ள பாடுற மாதிரி மங்கலா கேக்குது. டேப் போச்சா?

பெரும்பாலும் போயிருக்காது. கேசட்டுக்குள்ள டேப்புக்குப் பின்னாடி சின்ன ஃபெல்ட் பஞ்சு இருக்கான்னு பாருங்க. பசை காய்ஞ்சு அது விழுந்திருந்தா டேப் ஹெட்டில் அழுந்தாது, மேல் ஸ்தாயி காணாமப் போயிடும். ஸ்க்ரூ போட்ட வேற கூட்டுக்கு டேப்பை மாத்துங்க. பஞ்சு இருந்தா, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் ஹெட்டைத் துடைங்க. ரப்பர் ரோலருக்கு மட்டும் சோப்புத் தண்ணி. டால்பி, அதாவது டெக்கில் இரைச்சல் குறைக்கிற வசதி, இல்லாம பதிஞ்சதை டால்பி போட்டுக் கேட்டாலும் மங்கும்.

அப்புறமும் சரியாகலைன்னா அசிமத், அதாவது டேப்புக்கு ஹெட் நிக்கிற கோணம். ஹெட்டுக்கு ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ இருக்கும், வழக்கமா ஸ்பிரிங் உள்ளதுதான் திருப்புறது. மோனோவில் கேட்டுக்கிட்டே அரைக்கால் சுற்றுக்குள்ள மெதுவா திருப்புங்க. ‘ச’, ‘ஸ்’ எந்த இடத்தில் கூர்மையா வருதோ அங்க நிறுத்துங்க. பிறகு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில், உச்சம் மைனஸ் 6 டெசிபெல் தாண்டாம முழுசா பதிவு. இரைச்சல் நீக்குறதெல்லாம் நகலில்தான். மூலத்தில் கை வைக்காதீங்க.

சந்தேகம்: டெமோ எந்த சுருதிக்கும் சேரலை. ரெண்டு கட்டைக்கு நடுவுல நிக்குது.

டெக் வேகம் பிசகியிருக்கும். சுமார் 6 சதவீதம் மாறினா அரை ஸ்வரம். கிட்டாரை டேப்புக்கு ஒத்து முறுக்காதீங்க, நகலோட வேகத்தைத் திருத்துங்க.

புதுசு: எந்த மைக் வாங்கலாம்?

இருக்கிற மைக்.

மூணு கட்டை: 3 கட்டையில், அதாவது ஈ-யில் எழுதின பாட்டு. இப்போ 1½ தான் வருது. கிட்டார் கழுத்தில் கேப்போ கிளிப் போட்டு, சி கார்டு பிடிக்கிற ஷேப்பில் வாசிச்சா பாட்டே வேற மாதிரி இருக்கு.

இருக்கும். ஈ ஷேப்பில் திறந்து ஒலிக்கிற கீழ்த் தந்தியும் மேல் ரெண்டு தந்தியும்தான் அந்தப் பாட்டோட சத்தம். ஷேப்பை மாத்தாம ஆறு தந்தியையும் மூணு அரை ஸ்வரம் இறக்குங்க. 12 கனத் தந்தி செட் தொளதொளன்னு ஆடினா, இன்னும் தடிச்ச 13 செட் போடுங்க.

உச்சஸ்தாயி: மன்னிக்கணும். சுருதியை இறக்கினா சரணத்தோட உச்சம் செத்துப்போகும். பாட முடியலைன்னா பாட்டை விட்டுடணும்.

பாதி சரி. கஷ்டப்பட்டுத் தொடுற ஸ்வரத்தில்தான் ஜீவன் இருக்கு. அதனால உச்ச வரியைத் தொடர்ந்து மூணு தடவை பாடுங்க. மூணாவது தடவை தம் கட்டி, ஆனா பிசிறில்லாம வந்தா அதுதான் உங்க சுருதி. சுலபமா வந்தா அரைக் கட்டை ஏத்துங்க. பல்லவியோட அடிஸ்வரம் மைக்கில் விழுதான்னும் பார்த்துக்கோங்க.

உச்சஸ்தாயி: அது சமாளிப்பு. 20 வயசில் எழுதினதை 50-ல் பாடினா அது வேற பாட்டு.

வேற பாட்டுதான், அதில் என்ன தப்பு? கனடாப் பாடகி ஜோனி மிட்செல் 1969-ல் வெளியிட்ட ‘போத் சைட்ஸ் நவ்’ பாட்டை 2000-ல் ஆர்கெஸ்ட்ராவோட, ரொம்ப இறக்கி, மெதுவா பாடினாங்க. பழைய பதிவு எங்கயும் போகலை.

நோட்டுக்காரர்: அப்போ வரியை மட்டும் மாத்தக் கூடாதா?

மாத்தக் காரணம் வேணும். இங்கிலாந்துப் பாடகி கேட் புஷ் 1989-ல் ஜேம்ஸ் ஜாய்ஸோட நாவல் வரிகளைப் பாட அனுமதி கேட்டுக் கிடைக்காம சொந்த வரி போட்டாங்க. பின்னாடி அனுமதி கிடைச்சது. 2011-ல் அந்த வரிகளோடவே மறுபடி பதிவு செஞ்சாங்க. அது காரணம். வெட்கம் காரணமில்லை.

உச்சஸ்தாயி: ரெண்டு பேரும் பழசைக் கெடுத்தாங்கன்னுதான் சொல்லுவேன்.

சொல்லுங்க. அடுத்த கேள்வி.

ஒப்பந்தம்: படத்துக்குக் கொடுத்த பாட்டை நானே மறுபடி பதிவு பண்ணலாமா?

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, தியேட்டரில் படத்தோட ஓடுறதைத் தவிர மத்த பயன்பாட்டுக்குப் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள ராயல்டி பங்கை எழுதி வாங்கிக்க முடியாது. வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோதான் போகலாம். அதுக்காகப் பாட்டு உங்க கையில் இருக்குன்னு அர்த்தமில்லை. உரிமை யார்கிட்ட போயிருக்குன்னு ஒப்பந்தத்தைப் பார்க்கணும். ஒப்பந்தத்தோட வக்கீலைப் பாருங்க. படத்துக்குப் போகாத பாட்டுன்னாலும், மெட்டு நண்பரோடதுன்னா இப்பவே எழுத்தில் பேசிக்கோங்க.

ஹோம் ஸ்டூடியோ: நல்ல மைக் ஒண்ணு சொல்லுங்களேன்?

மேல பார்க்கவும்.

பழைய ஹார்ட் டிஸ்க்: ப்ராஜெக்ட் திறக்குது, பிளக்-இன் எல்லாம் காணோம்.

32 பிட் பிளக்-இன்னா இருக்கும், புது சாஃப்ட்வேர் அதை எடுக்காது. பழைய கம்ப்யூட்டர் ஓடுதுன்னா அதிலேயே திறந்து, ஒவ்வொரு டிராக்கையும் பூஜ்ய நொடியிலிருந்து வேவ் கோப்பா எடுங்க. எஃபெக்டோட ஒரு செட், இல்லாம ஒரு செட். ப்ராஜெக்டை ‘சேவ்’ பண்ணாம மூடுங்க. மூலத்தில் கை வைக்காதீங்கன்னு மறுபடியும் சொல்றேன்.

பாதிப்பாட்டு: ரெண்டாவது சரணம் எங்கயும் இல்லை. டெமோவில் ‘தன்னனா’ மட்டும்.

அந்த ‘தன்னனா’வில் குறில் எது, நெடில் எதுன்னு எழுத்துக்கு எழுத்து குறிச்சுக்கோங்க. புது வரி அந்த அளவுக்குள்ள உக்காரணும். அதுவரைக்கும் தன்னனாவாவே பாடுங்க.