அச்சுப்பிழையிலிருந்து புதிய இனமா? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மரபணு மாற்றங்கள் சேர்ந்து புதிய இனங்கள் உருவாகின்றன என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இரண்டு இடங்களில் இடிக்கிறது. மாற்றம் என்பது நகலெடுக்கையில் நேரும் பிழை. அச்சுப்பிழையால் புத்தகம் கெடலாம், புதிய அத்தியாயம் எப்படி வரும்? அப்படியே வந்தாலும், புதிய இனத்தின் முதல் உயிர் யாரோடு இணைசேரும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நகலெடுக்கும்போது எழுத்து மட்டும் பிசகுவதில்லை. சில சமயம் முழுப் பக்கமே இரண்டுமுறை அச்சாகிவிடுகிறது. உங்கள் உவமையில் விட்டுப்போனது இதுதான். ஒரு பக்கம் பழைய வேலையைப் பார்த்துக்கொள்ள, உபரிப் பக்கம் வேறு வேலைக்கு மாற இடம் கிடைக்கிறது. நாம் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்ப்பதே இப்படி இரட்டித்த ஒரு மரபணுவால்தான்.

கண்முன்னே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988இல் ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் ஒரே வம்சத்தை 12 குடுவைகளில் வளர்க்கத் தொடங்கினார். தினமும் நூறில் ஒரு பங்கை எடுத்துப் புதிய கரைசலில் விடுவார்கள். மறுநாளுக்குள் அது நூறு மடங்காகும். நாளுக்கு ஆறேழு தலைமுறை. 500 தலைமுறைக்கு ஒருமுறை மாதிரி எடுத்து உறையவைப்பார்கள். கரைசலில் பாக்டீரியாவுக்கு உணவான குளுக்கோஸ் கொஞ்சம், சிட்ரேட் (சிட்ரிக் அமிலத்தின் உப்பு) நிறைய. ஆனால் ஆக்சிஜன் இருக்கையில் ஈ.கோலையால் சிட்ரேட்டை உள்ளே இழுக்க முடியாது. இழுக்கும் புரதத்துக்கான மரபணு அதனிடம் உண்டு. ஆக்சிஜன் இருந்தால் அது வேலை செய்யாது.

31,000 தலைமுறை தாண்டியபின் ஒரே ஒரு குடுவை வழக்கத்தைவிடக் கலங்கலானது. அதில் பாக்டீரியா சிட்ரேட்டைத் தின்று பெருகியிருந்தது. அந்த மரபணு இருந்த பகுதி இரட்டித்து, நகல் வேறொரு மரபணுவை இயக்கும் விசைக்கு (சுவிட்ச் போன்ற பகுதிக்கு) பக்கத்தில் அமைந்துவிட்டது. அந்த விசையோ ஆக்சிஜன் இருக்கும்போதும் இயங்குவது. உறையவைத்த பழைய மாதிரிகளை மறுபடி வளர்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: பிந்தைய மாதிரிகளிலிருந்தே இந்தத் திறன் மீண்டும் வந்தது. முன்னால் சேர்ந்த சில மாற்றங்கள் இதற்கு வழிவிட்டிருக்கின்றன. பிழை தற்செயல்தான்; எது நிலைக்கும் என்பது தற்செயல் அல்ல.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். பெரும்பாலும் 'முதல் உயிர்' என்று ஒன்று இருப்பதே இல்லை. பிரிவது கூட்டம். எந்தத் தலைமுறையிலும் பிள்ளை தாயின் இனம்தான். வட அமெரிக்காவில் ஹாதார்ன் என்ற மரத்தின் பழத்தில் முட்டையிட்ட ஒரு ஈ இனத்தில் ஒரு பகுதி, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆப்பிளுக்கு மாறியது. ஆப்பிள் முன்னதாகப் பழுக்கும். இந்த ஈக்கள் பழத்தின்மேல்தான் இணைசேரும். எனவே இரண்டு கூட்டமும் சந்திப்பது குறைந்துவிட்டது. இன்னும் முழுதாகப் பிரியவில்லை, பாதி வழியில் நிற்கின்றன.

ஆனால் செடிகளில் நீங்கள் கேட்ட 'முதல் உயிர்' உண்மையிலேயே உண்டு. ட்ராகோபோகன் என்ற செடியின் சில இனங்கள் ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போனவை. ஒவ்வொன்றிலும் 12 குரோமோசோம் (மரபணுக்களைச் சுமக்கும் இழை), அதாவது ஆறு ஜோடி. இரண்டு இனங்கள் கலந்தால் பிள்ளைச் செடிக்கு இவரிடமிருந்து ஆறு, அவரிடமிருந்து ஆறு. எண்ணிக்கை 12தான், ஆனால் சரியாக ஜோடி சேராது. மகரந்தம் பெரும்பாலும் மலடாகும். எப்போதாவது குரோமோசோம் முழுதும் இரட்டித்து 24 ஆகிவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஜோடி கிடைத்துவிடும், செடி விதை பிடிக்கும். பெற்றோர் இனத்தோடு மறுபடி கலந்தால் 12ம் 6ம் சேர்ந்து 18. அந்தச் செடி பெரும்பாலும் மலடு. ஒரே தாவலில் வேலி விழுந்துவிட்டது.

இப்படிப் பிறந்த இரண்டு புதிய இனங்களைத் தாவரவியலாளர் மரியன் ஓன்பே 1950இல் விவரித்தார். துணைக்கு என்ன செய்தன என்கிறீர்களா? தன் மகரந்தத்தாலேயே தான் விதை பிடிக்கும் செடி அது. போதாததற்கு, அதே கலப்பும் இரட்டிப்பும் வெவ்வேறு இடங்களில் தனித்தனியாகப் பலமுறை நடந்திருக்கின்றன.