எண்பதுக்கு இருபது

கேள்வி: கோவையில் படிக்கும் என் மகன், ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் பிரபலமான காபி ஷாப் ஒன்றுக்கு அழைத்துப் போனான். ஒரு கப் 280 ரூபாய். வாயில் வைத்தால் ஒரே கருகல். எங்கள் ஊர் பேக்கரியில் 20 ரூபாய்க்கு இதைவிட நல்ல காபி கிடைக்கிறது. காபி என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் கடை வைத்தால் இப்படித்தானோ?
– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: கருகல் என்றீர்களே, அது சரி. அந்த மாதிரிக் கடை ஒன்றில் மிஷினுக்கு மேலிருந்த கண்ணாடிக் குடுவையை எட்டிப் பார்த்தேன். கொட்டை கரிக்கட்டை நிறத்தில், மேலே எண்ணெய் பூத்துப் பளபளவென்று கிடந்தது. கை தவறி வறுத்ததில்லைங்க, தெரிந்தேதான். எந்த ஊர்க் கிளையில் குடித்தாலும் ஒரே ருசி வரவேண்டுமென்றால் இதுதான் சுலபமான வழி. வறுவல் ஏற ஏற ஏற்காட்டுக் கொட்டைக்கும் சிக்மகளூர்க் கொட்டைக்கும் உள்ள வித்தியாசம் மங்கி, வறுத்த வாடைதான் மிஞ்சும். அங்கே நிறையப் பேர் கேட்பதோ லாட்டே, இல்லாவிட்டால் கேரமல் பாகு ஊற்றிய ஏதாவது ஒன்று. அத்தனை பாலையும் இனிப்பையும் தாண்டி நாக்கில் எட்ட, கசப்பு கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்க வேண்டாமா? எனக்கும் அது பிடிக்கவில்லை. அதற்காகக் காபி தெரியாதவர்கள் என்று சொல்ல மாட்டேன்.

இப்போது உங்கள் பேக்கரிக்கு வருகிறேன். (வெளியூர்க்காரர்களுக்கு: நம் பக்கம் டீக்கடைக்குப் பெயர் பேக்கரி. தேங்காய் பன்னும் பப்ஸும் கண்ணாடிக்குள் இருக்கும், கூட்டமெல்லாம் டீ மாஸ்டர் முன்னால் நிற்கும்.) அடுத்த முறை போகும்போது மாஸ்டரிடம் தூள் பாக்கெட்டை வாங்கி லேபிளைப் படியுங்கள். காபி இத்தனை சதவீதம், சிக்கரி இத்தனை சதவீதம் என்று அச்சிட்டே ஆகவேண்டும் என்பது விதி. கலவையில் காபி 51 சதவீதம் இருந்தால் போதும் என்பதும் விதிதான். மிச்சம் 49 வரை சிக்கரி போகலாம்.

சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். வறுத்துப் பொடிக்கிறார்கள். காஃபீன் கிடையாது. டிகாக்‌ஷனைக் கறுப்பாக்கும், கெட்டியாக்கும், லேசான இனிப்போடு ஒரு கசப்பும் தரும். நீங்கள் 'ஸ்ட்ராங்' என்று மெச்சுவதில் நல்ல பங்கு அந்த வேரின் உபயம். வருடக்கணக்கில் அதில் பழகிய நாக்கு, சிக்கரியே சேராத காபியைக் கண்டால் சுளிக்கத்தான் செய்யும். அப்புறம், சர்க்கரை. பேக்கரியில் கேட்காமலே போட்டுவிடுவார்கள். மகன் வாங்கித் தந்ததில் நீங்கள் போட்டுக்கொண்டீர்களா? கடிதத்தில் அதைக் காணோமே.

சிக்கரிக்கு நான் எதிரியில்லை. எங்கள் வீட்டிலேயே காபி எண்பதுக்குச் சிக்கரி இருபதுதான். வறுத்து அரைக்கிற கடையில் நின்று, காபிக் கொட்டையில் பீபரி (காய்க்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை) பாதி, பிளான்டேஷன் ஏ (பெரிய கொட்டைத் தரம்) பாதி என்று சொல்லி, கைச்சூடு ஆறாத பொட்டலத்தை வாங்கிவருவது வழக்கம். மிஷின் அழுத்திப் பிழிந்து அரை நிமிஷத்தில் இறக்குவதை, ஃபில்டர் சொட்டுச் சொட்டாக அரைமணி நேரம் இறக்கும். தண்ணீரை மறந்தால் கோவைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்: சிறுவாணித் தண்ணியில் மணக்கிற அதே தூள், போர்வெல் உப்புத் தண்ணியில் சப்பென்றாகிவிடும். உப்புத் தண்ணியில் இருக்கும் காரத்தன்மை (மிளகாய்க் காரமல்ல, புளிப்பை முறிக்கும் குணம்) காபியின் இளம்புளிப்பை அடித்துவிடுகிறது.

280 ரூபாயா? அதில் பாதிக்கு மேல் நாற்காலிக்கும் ஏசிக்கும்தான் என்பது என் கணக்கு. உங்கள் மகன் லேப்டாப்பை விரித்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் அங்கே யாரும் எழுப்ப மாட்டார்கள். பேக்கரியில் நின்றுகொண்டே குடித்துவிட்டு, டம்ளரை வைத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

லேபிளில் என்ன எண் போட்டிருந்தது என்று மட்டும் ஒரு கார்டு போடுங்கள்.