மழை வந்தால் டிடிஎச் படம் உறைகிறது, எஃப்.எம். மட்டும் பாடுகிறதே, ஏன்?

காரணம் அலையின் நீளம். எஃப்.எம். அலை ஏறத்தாழ 3 மீட்டர் நீளம். அதற்கு மழைத்துளி ஒரு பொருட்டே அல்ல. டிடிஎச் அலையோ சுமார் 2.5 சென்டிமீட்டர்தான். சில மில்லிமீட்டர் பருமனுள்ள துளிகள் அதன் ஆற்றலை உறிஞ்சிச் சிதறடித்துவிடும். செயற்கைக்கோளிலிருந்து ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் தாண்டி வந்த சிக்னல், கடைசி நான்கைந்து கிலோமீட்டர் மழையில் தோற்றுப்போவதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

சில நாள் வாசலில் ஒரு சொட்டுகூட விழுந்திருக்காது, ஆனால் படம் கட்டம் கட்டமாக உடையும். மொட்டைமாடிக்குப் போய்ப் பாருங்கள். நம் ஊர் டிஷ்கள் பெரும்பாலும் தென்கிழக்கு வானத்தைப் பார்த்திருக்கும். அந்தப் பக்கம் கருமேகம் கொட்டிக்கொண்டிருக்கும். மழை விட்ட பிறகும் சிக்னல் வரவில்லையென்றால், டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சிக்னலை வாங்கும் எல்.என்.பி. கருவியின் மூடியில் தங்கிய நீரைத் துடைத்துவிடுங்கள். பெரிய டிஷ் வைத்தால் ஓரளவு தாக்குப்பிடிக்கும், அடைமழையில் அதுவும் திணறும்.

எஃப்.எம்.முக்கும் வானிலை விளையாட்டு உண்டு, ஆனால் வேறு வகையில். கடலை ஒட்டிய குளிர்ந்த ஈரக்காற்றின் மேல் நிலத்திலிருந்து வரும் வெப்பக்காற்று போர்வைபோலப் படியும்போது, அலைகள் வளைந்து கடல்பரப்பை ஒட்டியே வெகுதூரம் ஓடும். வேதாரண்யம், இராமேசுவரம் பக்கம் இலங்கை எஃப்.எம். சில இரவுகளில் வழக்கத்தைவிடத் தெளிவாகக் கேட்பது இதனால்தான்.