54 வயதில் மறுபடியும் எட்டு போட வேண்டுமா?

கேள்வி: கியர் பைக் லைசென்ஸ் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. புதுப்பிக்கப் போனால் மறுபடியும் எட்டு போடச் சொல்கிறார்கள். மைதானத்தில் பழகினால் வளைவில் கால் ஊன்றிவிடுகிறேன். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். பாதம் லேசாக மரத்திருக்கிறது. டாக்டர் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் போதும்தானே?

பதில்: உடல்தகுதியைக் காட்ட ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அது போதும். உங்களுக்குப் போதாது.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். லைசென்ஸ் முடிந்த ஓராண்டுக்குள் விண்ணப்பித்திருந்தால் ஓட்டிக் காட்டாமலே புதுப்பித்திருக்கலாம். அதைத் தாண்டினால் தேர்வு உண்டு. லைசென்ஸ் முடிந்த பிறகும் 30 நாள் ஓட்டலாம் என்று முன்பிருந்த சலுகையும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தோடு போய்விட்டது. எனவே செல்லுபடியாகும் எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) கையில் வரும்வரை சாலையில் ஓட்டாதீர்கள்; அந்தச் சட்டத்தின் பிரிவு 181-இன்படி அபராதம் ரூ.5,000. தேர்வில் தோற்றால் 7 நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறை தோற்றால் 60 நாள் காத்திருக்க வேண்டும். தேறினால் உங்களுக்கு 60 வயது நிறையும்வரை லைசென்ஸ் கிடைக்கும்.

கால் ஊன்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் வயதல்ல, கண்ணும் கிளட்சும்தான். முன்சக்கரத்தையோ பெயிண்ட் கோட்டையோ பார்த்தால் வண்டி அங்கேயே போய் நிற்கும். தாடையைத் திருப்பி, அடுத்து வரப்போகும் வளைவின் முடிவைப் பாருங்கள். முதல் கியர், ஹாஃப் கிளட்ச் (கிளட்சைப் பாதி பிடித்தபடி), ஆக்ஸிலரேட்டர் சீராக. வேகத்தைப் பின் பிரேக்கால் மட்டும் பிடியுங்கள். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி அந்தப் பக்கமே சாயும்; வலது கை விரல்களை லீவரிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டு வட்டமும் சந்திக்கும் இடத்தைத் தாண்டியதும்தான் நிறையப் பேர் தடுமாறுவார்கள். திசை மாறும் அந்த நொடியில் பயந்து ஆக்ஸிலரேட்டரை மூடிவிடுவதே காரணம். 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு கல் வைத்துப் பழகுங்கள். சரளமானதும் 6 மீட்டராகக் குறையுங்கள். கிளட்ச் லீவரில் 10 முதல் 15 மி.மீ. ஃப்ரீ ப்ளே (பிடிக்கத் தொடங்குமுன் இருக்கும் தளர்வு) இருக்கிறதா, டயரில் காற்று சரியா என்று முன்பே பாருங்கள். காற்று குறைந்த முன் டயரோடு எட்டு போடுவது வீண் தண்டனை.

இனி உடம்பு. 40 வயது கடந்தவர்களுக்கான படிவம் 1ஏ-வில் கையெழுத்து வாங்குவது சில இடங்களில் ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தில் உங்கள் பாதத்தை யாரும் தொட்டுப் பார்க்கமாட்டார்கள். வீட்டிலேயே செய்துகொள்ளலாம்: படுத்து, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வேறொருவர் இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, அழுத்தாமல், ஒன்றிரண்டு நொடி தொடட்டும். தொட்டதும் எந்தக் கால் என்று சொல்லுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்வு குறைந்திருக்கிறது, டாக்டரைப் பாருங்கள். வலது பாதம் மரத்திருந்தால் பின் பிரேக்கை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதே தெரியாது. எட்டில் அது கால் ஊன்றலாகத் தெரியும். நனைந்த சாலையில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும்.

சர்க்கரை ஏறுவதைவிடத் திடீரென்று இறங்குவதே வண்டியில் ஆபத்து. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்தப் பயம் குறைவு. கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ என்றால் கிளம்புமுன் அளந்து பாருங்கள். 90-க்குக் கீழே என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். 70-க்குக் கீழே என்றால் வண்டியைத் தொடாதீர்கள்: 15 கிராம் சர்க்கரை சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். அளவு சரியான பிறகும் மூளை தெளிய முக்கால் மணி நேரம் கொடுங்கள். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்குப் படபடப்பு என்ற எச்சரிக்கையே வராமல் போகலாம். அதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பார்வைக்கு, 25 மீட்டரில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைக் கண்ணாடியோடு படிக்க முடிகிறதா என்று படிவம் கேட்கிறது, அதுவும் நல்ல பகல் வெளிச்சத்தில். எதிர்வண்டி ஹெட்லைட் பட்டதும் ஒளி சிதறித் தெரிகிறதா என்பதை அது கேட்பதில்லை. அப்படித் தெரிந்தால் கண்புரையைச் சோதியுங்கள். கழுத்து தோள்வரை திரும்பாவிட்டால் எட்டும் வராது, லேன் மாறும்போது பக்கவாட்டில் வருபவரும் தெரியமாட்டார்.

மரத்தது கால் மட்டும் என்றால் ஸ்கூட்டருக்கு மாறுவது நல்ல வழி. இரண்டு பிரேக்கும் கையிலேயே இருக்கும். ஆனால் தேர்வைக் கியர் இல்லாத வண்டியில் கொடுத்தால் அந்த வகைக்கு மட்டுமே லைசென்ஸ் கிடைக்கும். எந்த வண்டி என்பதை விண்ணப்பிக்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.