வண்டியிலேயே கம்ப்ரசர்: கடலோர வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

மஹிந்திரா தார் வண்டி வைத்திருக்கிறேன். டயர் 255/65 ஆர் 18. டயருக்குக் காற்று அடிக்கும் ஒரு கம்ப்ரசர் பெட்டியில் 150 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்று இருக்கிறது, இன்னொன்றில் 300. 300 போட்டதுதான் விலை குறைவு. அதையே வாங்கலாமா? – கீழக்கரை

வேண்டாம். உங்கள் டயருக்குத் தேவை முப்பது சொச்சம் பிஎஸ்ஐதான். சின்ன பிஸ்டன்கூட அடைத்த ஹோஸுக்குள் பெரிய அழுத்தத்தைக் காட்டிவிடும், ஆனால் அதை வைத்து டயரை நிரப்ப முடியாது. 30 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு எதிராக நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்று கேளுங்கள். உங்கள் டயர் ஒன்றுக்குள் சுமார் 70 லிட்டர் இடம் இருக்கும். மணலுக்காக 16 பிஎஸ்ஐக்கு இறக்கிய டயரை 32-க்கு ஏற்ற இன்னும் 75, 80 லிட்டர் காற்று போக வேண்டும். நான்கு டயருக்கும் சேர்த்து 300 லிட்டர் என்று வையுங்கள். ஏஆர்பி கம்பெனியின் ஒற்றை சிலிண்டர் கம்ப்ரசர் அந்த அழுத்தத்தில் 60 லிட்டர் போலத் தள்ளும், இரட்டை சிலிண்டர் 130 தள்ளும். ஒற்றையே ஐந்தாறு நிமிடத்தில் வேலையை முடித்துவிடும், நம் பக்கத்து மணலுக்கு அது போதும். 20 லிட்டர் தள்ளுகிற பொம்மை கால் மணி நேரம் ஓடி, மூன்றாவது டயரிலேயே கை வைக்க முடியாத அளவு சூடாகிவிடும். எதை வாங்கினாலும் என்ஜினை ஓடவிட்டுக் காற்று அடியுங்கள்.

எந்த கம்ப்ரசர் நல்லது? – உச்சிப்புளி

என்ன வண்டி, என்ன டயர், மணலில் இறங்குவீர்களா, பஞ்சருக்கு மட்டுமா? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் நான் எதைச் சொல்வது? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

போன வருஷம் நல்ல கம்பெனி கம்ப்ரசர் மாட்டினேன். முன் பம்பருக்குப் பின்னால் பொருத்திக் கொடுத்தார்கள். இப்போது ஒரு டயருக்குப் பத்து நிமிடம் ஆகிறது, சில நாள் ஓடுவதே இல்லை. பெட்டியில் 'வாட்டர் ப்ரூஃப்' என்று இருக்கிறதே? – மண்டபம்

இதே கடிதம் ஊர்ப் பெயர் மட்டும் மாறி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. கம்ப்ரசர் மீது தப்பில்லை, பொருத்திய இடம்தான் தப்பு. பம்பருக்குப் பின்னால் கை எளிதாகப் போகும், ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்று கடைக்காரர் அங்கே மாட்டிவிடுகிறார். மண்டபத்தில் ஒரு பக்கம் ஆண்கடல், மறுபக்கம் பெண்கடல், இரண்டு பக்கத்து உப்பும் உங்கள் வண்டி மேல்தான் படிகிறது. ஆடிக்காற்றில் தனுஷ்கோடி ரோட்டின் மேலேயே மணல் ஏறிக் கிடக்கும். அந்த உப்பையும் மணலையும் முதலில் வாங்கிக்கொள்வது பம்பர்தான். கம்ப்ரசர் இழுக்கிற காற்று முழுவதும் அந்தச் சின்ன ஃபில்டர் வழியாகத்தான் போக வேண்டும். அது அடைத்தால் வேகம் குறையும். கிழிந்தால் மணல் உள்ளே போய் பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துவிடும், அதற்கப்புறம் எதைச் செய்தாலும் பழைய வேகம் வராது. 'வாட்டர் ப்ரூஃப்' என்பது தண்ணீர் தெறித்தால் தாங்கும் என்பதற்கு மட்டும். மாதக்கணக்கில் ஊறும் உப்பு ஈரத்துக்கு அந்த வார்த்தை பொறுப்பேற்காது.

பானெட்டுக்குள் மேலே வைக்கலாமே என்று அடுத்து கேட்பீர்கள். வைக்கலாம், ஆனால் எக்ஸாஸ்ட் பக்கம் வேண்டாம். ட்யூட்டி சைக்கிள் (மொத்த நேரத்தில் எவ்வளவு நேரம் ஓடலாம் என்ற கணக்கு) 50 சதவீதம், 33 சதவீதம் என்று போடுகிறார்களே, அந்தக் கணக்கு பெரும்பாலும் 22 டிகிரி போன்ற குளிர்ந்த இடத்தில் எடுத்தது. சித்திரை மாத மதியம் ஓடி வந்து நின்ற வண்டியின் பானெட்டுக்குள் அந்தக் கணக்கு செல்லாது. அதில் பாதி என்று வைத்துக்கொண்டு இடைவெளி விட்டு அடியுங்கள்.

நான் சொல்கிற இடம் சீட்டுக்கு அடியில், அல்லது பின்பக்கம் சாமான் வைக்கிற இடத்தின் ஓரத்தில். சத்தம் கேட்கும், கேட்டுவிட்டுப் போகட்டும். அங்கே காற்று சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கும். மேலே பையைப் போட்டு மூடாமல் இருந்தால் போதும். இடமே இல்லையென்றால் கம்ப்ரசரை பானெட்டுக்குள் வைத்து, காற்று இழுக்கும் குழாயையும் ஃபில்டரையுமாவது கேபினுக்குள் கொண்டுபோங்கள். வயரையும் மாற்றச் சொல்லுங்கள். மலிவான கிட்டில் வருவது பல நேரம் மேலே செம்பு பூசிய அலுமினியம், உப்புக்காற்றில் முனையிலிருந்து பொடிந்து போகும். படகுக்குப் போடுகிற வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கேட்டு வாங்குங்கள். ஒற்றை சிலிண்டருக்கு 6 சதுர மி.மீ., இரட்டைக்கு 10-க்குக் குறையக் கூடாது. ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். எர்த்தை பாடியில் ஒரு போல்ட்டில் மாட்டாமல் நேரே பேட்டரி மைனஸுக்குக் கொண்டுபோங்கள். பாடியில் துருப்பிடித்த எர்த்தாலேயே 'மோட்டார் போச்சு' என்று தூக்கிப்போடப்படும் கம்ப்ரசர்கள் நிறைய. உங்களுடையது சில நாள் ஓடுவதில்லை என்கிறீர்கள், அதனால் முதலில் எர்த்தையும், கம்ப்ரசருக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேயையும் பாருங்கள். அப்புறம் ஃபில்டரை மாற்றுங்கள். புதிது வாங்குவதைக் கடைசியில் யோசிக்கலாம்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டலாமா? – ராமேஸ்வரம்

சின்னதை மாட்டலாம். அந்த சாக்கெட்டின் ஃப்யூஸ் பொதுவாக 10, 15 ஆம்ப். பெரிய கம்ப்ரசர் 20-க்கு மேல் இழுக்கும், ஃப்யூஸ் போய்விடும். பெரிய ஃப்யூஸ் போடலாமா என்று தயவுசெய்து கேட்காதீர்கள், வயர் எரியும்.

கருவேல முள் பஞ்சருக்கு கம்ப்ரசர் மட்டும் இருந்தால் சமாளிக்கலாமா? – சாயல்குடி

ட்யூப்லெஸ் டயராக இருந்து, மெதுவாக இறங்கும் காற்றாக இருந்தால் நிரப்பி நிரப்பி பஞ்சர் கடை வரை போகலாம். பஞ்சர் ஒட்டும் கிட் ஒன்றும் கட்டாயம் வேண்டும். குச்சியும் பசையும் கையில் தயாராகும் வரை முள்ளைப் பிடுங்காதீர்கள், ஓட்டையை அதுதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. டயரின் பக்கவாட்டில் குத்தியிருந்தால் ஒட்டாமல் ஸ்டெப்னியை மாற்றுங்கள். நின்ற இடத்தில் காற்று அடிக்கும்போதும் என்ஜின் ஓடட்டும். காட்டுக்குள் பேட்டரியும் இறங்கினால் இரண்டு வேலை.

பழைய ஏசி கம்ப்ரசரை காற்று அடிக்க மாற்றித் தருகிறேன் என்கிறார் மெக்கானிக். – தொண்டி

எண்ணெயைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் பழைய யார்க் கம்பெனி கம்ப்ரசர் மாதிரி பிஸ்டன் வகையாக இருந்தால் முடியும். இன்றைய கார் ஏசி கம்ப்ரசரில் எண்ணெய் கேஸோடு சேர்ந்து சுற்றுகிறது. கேஸ் இல்லையென்றால் எண்ணெயும் வராது, இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதே பெல்ட்டில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் ஓடினால் வண்டியே நின்றுவிடும். விட்டுவிடுங்கள்.

மணலில் எத்தனை பிஎஸ்ஐ வரை இறக்கலாம்? அரிச்சல்முனை போகிறோம். – பரமக்குடி

அரிச்சல்முனை வரை 2017 முதல் தார் ரோடு இருக்கிறது, அங்கே போக எதையும் இறக்க வேண்டாம். வேறு இடத்தில் உண்மையிலேயே மணலில் ஓட்ட வேண்டியிருந்தால் 18-இல் தொடங்குங்கள், சிக்கினால் 15. அதற்கும் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். திரும்ப ரோட்டில் ஏறியதும் நிறுத்தி, கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நிரப்பிவிட்டுப் போங்கள். 16 பிஎஸ்ஐயோடு எண்பதில் ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும். அலையோரம் வண்டியை இறக்கவே இறக்காதீர்கள். ஜனவரியிலிருந்து பங்குனி முடியும் வரை ஆமை முட்டையிடும் மணல் அது.

மீன் ஏற்றும் பொலிரோ பிக்கப். கம்ப்ரசரோடு 10 லிட்டர் டேங்க்கும் வைத்தால் டயர் சீக்கிரம் நிறையுமா? – தங்கச்சிமடம்

நிறையாது. 10 லிட்டர் டேங்க்கை 100 பிஎஸ்ஐக்கு நிரப்பினாலும் டயருக்குக் கிடைப்பது 45 லிட்டர் போலத்தான், ஒரு டயருக்கே போதாது. ஏர் ஹாரனுக்கோ, பெட்டிகளைக் காற்றால் ஊதித் துடைக்கவோ வேண்டுமென்றால் வையுங்கள். வைத்தால் நம் கடற்கரை ஈரம் முழுக்க டேங்க்கின் அடியில் தண்ணீராகச் சேர்ந்து உள்ளிருந்தே துருப்பிடிக்கும். அடியில் திருகு வால்வு உள்ளதாகப் பார்த்து வாங்கி, தினமும் வேலை முடிந்ததும் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். பின் டயருக்கு லோடு ஏற்றும்போது வேறு அளவு, ஸ்டிக்கரில் தனியாகப் போட்டிருப்பார்கள். காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.