தபால் பெட்டியில் குப்பை

கேள்வி: நியூஜெர்சியில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். தபால் பெட்டியைத் திறந்தால் தினமும் கிரெடிட் கார்டு விளம்பரம்தான், அட்டையில் செய்த போலி கார்டைக்கூட ஒட்டி அனுப்புகிறார்கள். நிறுத்தவே முடியாதா?
- வாசகி, மதுரை

பதில்: பெரும்பாலும் நிறுத்தலாம். ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மாதிரி கடன் வரலாறு சேகரிக்கும் நிறுவனங்கள்தான் உங்கள் மகன் பெயரைப் பட்டியலில் சேர்த்து வங்கிகளுக்கு விற்கின்றன, அங்கே சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது, ஆனால் ‘என் பெயரை எடுத்துவிடு’ என்று சொல்லும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆப்ட்அவுட்ப்ரீஸ்கிரீன் டாட் காம் (optoutprescreen.com) தளத்தில் மகனையே பதியச் சொல்லுங்கள். 5 வருடத்துக்குப் போதும் என்றால் ஆன்லைனிலேயே முடிந்துவிடும், நிரந்தரமாக வேண்டுமென்றால் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும் (குப்பைத் தபாலை நிறுத்த இன்னொரு தபால்!). சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு ஆளுக்கொன்றாகத் தரும் எண்) கேட்பார்கள், அதனால் தளத்தின் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிட்டுக் கொடுக்கட்டும். ஏற்கெனவே அனுப்பத் தயாரானவை சில வாரம் வந்துகொண்டுதான் இருக்கும். அப்புறம், பெயரே போடாமல் வரும் பீட்சா கூப்பன், மளிகைக்கடை நோட்டீஸ் எல்லாம் இதில் அடங்காது. கடன் கடிதங்களை மட்டும் அப்படியே குப்பையில் போடாமல் கிழித்துப் போடுங்கள்.